குதிரைக்காரன் பிழைத்தானா?

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் ஏழாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். ஒருநாள் பூகோளப் புத்தகத்துக்குள் காமிக்ஸ் வைத்துப் படித்துக்கொண்டிருந்த முத்துமாரியைக் கையும் களவுமாகப் பிடித்தேன். அதைப் பிடுங்கிக்கொண்டு, இதெல்லாம் படித்தால் உருப்பட மாட்டீர்கள் என்று வகுப்புக்கே ஒரு பிரசங்கமும் செய்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து அதை நானே படித்தேன். மறுநாள் இன்னொரு தடவையும் படித்தேன்.

மூன்றாம் நாள் அவளுடைய அம்மா ஆசிரியர் அறைக்கு வந்தார். பீடி சுற்றுகிறவர். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாது டீச்சர். நான் பீடி சுத்தும்போது அவதான் வாசிச்சுக் காட்டுவா. கதை பாதியில நிக்குது. பாலம் ஒடஞ்சு ஆத்துல விழுந்தானே அந்தக் குதிரைக்காரன், அவன் பொழச்சானா? அத மட்டும் சொல்லுங்க."

அங்கே உட்கார்ந்திருந்த தலைமை ஆசிரியை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவன் பிழைத்துவிட்டான், குதிரைதான் செத்துப்போனது. எனக்கு நன்றாகத் தெரியும்.

"இந்தக் குப்பையெல்லாம் நான் படிக்கிறதில்லம்மா" என்றேன்.

"தப்பா கேட்டுட்டேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் முதல் வேலையாகப் புத்தகத்தை முத்துமாரியிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"அம்மா வேண்டாங்காவ டீச்சர். டீச்சரே படிக்காத புஸ்தகம் நமக்கு எதுக்குட்டின்னு சொல்லிட்டாவ."

இரண்டு தடவை படித்தேன் என்று சொல்ல அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. அந்த அம்மாளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய முடிவை இத்தனை வருடம் கழித்து உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.