மாமா பாடிய இங்கிலீஷ் பிரார்த்தனை

என் தாய்மாமனுக்குக் கல்யாணம் கூடிவந்த கதையைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை. ஆண்டவர் சாட்சியாக நடந்தது இது.

அப்போது நான் சின்னப் பெண். பாகூர்ப் பக்கம் எங்கள் ஊர். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் ஆட்சி, அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் ஆட்சி. எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினால் வேறு ராஜ்ஜியத்தில் போய் நிற்கும்.

மாமா நல்ல உழைப்பாளி. மாதா கோயிலில் பாட்டுப் பூசை என்றால் முதல் குரல் அவருடையதுதான். லத்தீனில் ஒரு எழுத்துக்கும் அர்த்தம் தெரியாது, ஆனாலும் அவர் பாடினால் கல்லும் முழங்காலில் நிற்கும். பேச்சு மட்டும் வராது. பெண் பார்க்கப் போன இடங்களில் கொடுத்த பலகாரத்தைத் தின்றுவிட்டுத் தரையைப் பார்த்தபடியே எழுந்து வந்ததில் நல்ல நல்ல சம்பந்தமெல்லாம் தட்டிப்போனது. பையன் ஊமையா என்று ஒரு வீட்டில் கேட்டே விட்டார்களாம்.

அந்த நிலையில் கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. மாமா தானாகவே அம்மாவிடம் வந்து, "அக்கா, இத்த மட்டும் வுட்டுடாதக்கா" என்றார். அம்மா பயந்துபோய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பெண்ணின் தகப்பனாருக்கு வீடு இங்கிலீஷ்காரன் எல்லையில், நிலத்தில் பாதி எங்கள் எல்லையில். அறுப்புக் காலத்தில் நெற்கட்டுகளை வண்டியில் ஏற்றினால் நடுவில் சுங்கச் சாவடி நிற்கும். அங்கே இருந்த வெள்ளைக்கார இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் வராது, இவருக்கு இங்கிலீஷ் வராது. ஒவ்வொரு வருஷமும் கட்டு சாவடியிலேயே மழையில் நனைந்து முளைவிட்டது. ஆகவே வரும் மருமகனுக்கு இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டும் என்று தரகரிடம் கண்டிப்பாகச் சொல்லியனுப்பியிருந்தார். எங்கள் தாத்தா கொஞ்சமும் யோசிக்காமல், "அதெல்லாம் நல்லா பேசுவான்" என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் யாருக்கும் பிரெஞ்சே 'பொன்ழூர்' என்கிற வணக்கம் தாண்டி வராது.

பாகூர் கடைத்தெருவில் ஒரு பாய் மளிகைக் கடை வைத்திருந்தார். ரங்கூனில் கடைப் பையனாக இருந்தவர். மாமா அவரிடம் போய் நின்றார். சாமான் வாங்கும் சாக்கில் அம்மா என்னையும் கூட அனுப்பியிருந்தாள்.

"இங்கிலீஷ் இன்னா பெரிய இங்கிலீஷ் தம்பி? அதுல ஆளு மொத்தம் நாலே பேரு. சம்படின்னா யாரோ ஒருத்தன். எனிபடின்னா எவனா இருந்தாலும் சரி. எவ்ரிபடின்னா எல்லாரும். நோபடின்னா ஒருத்தனும் இல்ல. நாம 'க்கு', 'கூட', 'கிட்டேர்ந்து'ன்னு பின்னால ஒட்றத அவன் முன்னால வெக்கிறான். டு சம்படி, யாருக்கோ. வித் எவ்ரிபடி, எல்லாரு கூடவும். ஃப்ரம் நோபடி, ஒருத்தங்கிட்டேர்ந்தும் இல்ல. ஃபார் எனிபடி, எவனுக்காகன்னாலும். ரங்கூன்ல நான் இத்த வெச்சிக்கினேதான் காலத்த ஓட்டுனேன். எவன் எத்த கேட்டாலும் இதுல ஒண்ணு பதிலா வந்துடும்."

"எதுக்கு எத்த சொல்றதுங்க பாய்?"

"அவன் மொகத்தப் பாரு. சிரிச்சா எவ்ரிபடி. மொறச்சா நோபடி."

மாமா அதை வயலில் சொன்னார், கிணற்றடியில் சொன்னார், மாட்டைக் குளிப்பாட்டும்போதும் சொன்னார். அந்த நாலு பேரும் அண்ணன் தம்பியான துரைமார்கள் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் நோபடி துரைதான் பாவம், அவருக்கு யாருமே இல்லை என்று அவருக்காக மாலைச் செபத்தில் ஒரு அருள் நிறைந்த மந்திரம் அதிகமாகச் சொன்னேன்.

மாப்பிள்ளை பார்க்கும் நாள் வந்தது. வண்டியிலிருந்து பெண்ணின் தகப்பனார் இறங்கினார். அவருக்குப் பின்னால் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் இறங்கினார். அவர் பெண்ணுக்குத் தாய்மாமன், ரயிலடியில் டிக்கெட் கொடுக்கிறவர், வெள்ளைக்காரனோடு நேருக்கு நேர் பேசுகிறவர் என்று தரகர் காதோடு சொன்னார். வந்தவர்களுக்கு வைத்திருந்த மோரைத் தாத்தா தானே குடித்துவிட்டார்.

பலகாரம் ஆனதும் ரயிலடிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு இங்கிலீஷில் ஏதோ கேட்டார். மாமா அவர் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. பாய் இதற்கு வழி சொல்லியிருக்கவில்லை. அம்மா கதவுக்குப் பின்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

மாமா எழுந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டார். அர்த்தம் தெரியாத பாஷை என்றால் அவருக்குத் தெரிந்தது ஒரே ராகம்தான். கண்ணை மூடிக்கொண்டு, தேரோடு சுற்றுப்பிரகாரம் போகையில் மாதா பிரார்த்தனை பாடுகிற அதே ராகத்தில் இழுத்தார்.

"டூ... சம்படீ..."

தாத்தா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். "ஓரா ப்ரோ நோபிஸ்" என்று, 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்கிற லத்தீன் பதிலை அவர் வாய் தன்னால் சொன்னது.

"வித்... எவ்ரிபடீ..."

"ஓரா ப்ரோ நோபிஸ்!" இந்த முறை அப்பாவும் தரகரும் சேர்ந்துகொண்டார்கள்.

"ஃப்ரம்... எனிபடீ..."

பெண்ணின் தகப்பனாரும் நல்ல கிறிஸ்தவர். அவர் முழங்காலில் நின்றுவிட்டார். வண்டி ஓட்டி வந்தவர் மாட்டுக்கு வைக்கோல் போடுவதை விட்டுவிட்டு முற்றத்திலேயே முழங்காலிட்டார். ரயிலடிக்காரர் நாலு பக்கமும் பார்த்தார். எல்லாரும் மண்டியிட்டிருக்கும்போது தான் மட்டும் எப்படி உட்கார்ந்திருப்பது? கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரும் இறங்கினார். மாமா டு, வித், ஃப்ரம், ஃபார் எல்லாவற்றையும் நாலு துரைகளோடும் மாற்றி மாற்றிச் சேர்த்துப் பாடி முடித்தார். எல்லாரும் 'ஆமென்' சொல்லி எழுந்தோம்.

பெண்ணின் தகப்பனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இங்கிலீஷ்ல இம்மாம் பக்தி இருக்குதுன்னு எனக்குத் தெரியாம போச்சே! இன்னா மச்சான், பையன் இங்கிலீஷ் எப்பிடி?"

"இருங்க, ஒரு வார்த்த தனியா கேட்டுட்டு வந்துடறேன்" என்று ரயிலடிக்காரர் மாமாவை வைக்கோல் போருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அம்மா என் கையில் தண்ணீர்ச் செம்பைத் திணித்துப் பின்னாலேயே விரட்டினாள்.

"யோவ், யாருக்கு, யார் கூடன்னு பாடுனியே, இன்னா செய்யறதுன்னு அதுல ஒரு வார்த்த இருந்துதாய்யா? சாவடி துரைகிட்ட இத்த பாடுனா உன்ன நெல்லோட சேத்து உள்ள வெச்சிடுவான்."

மாமா வைக்கோலை உருவித் திரித்துக்கொண்டே, "வேற தெரியாதுங்க" என்றார்.

"தெரியாததுக்கு ஏன்யா இந்தப் பாடு? ஊர்ல இருக்கிறவன் பேரெல்லாம் சொன்னியே, இதெல்லாம் யாருக்காவ?"

மாமா கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டார். பிறகு, ராகம் ஏதும் இல்லாமல் மெதுவாக, "ஒருத்திக்குங்க" என்றார். "வில்லியனூர் மாதா திருவிழால பாத்தேன். தேர் வந்தப்போ."

ரயிலடிக்காரர் கண்ணைச் சுருக்கினார். "நீலம் கட்டியிருந்தாளா?"

"ஆமாங்க."

"அந்த நீலத்த வாங்கிக் குடுத்ததே நான்தான்யா" என்றார் ரயிலடிக்காரர். பிறகு என் கையிலிருந்த செம்பை வாங்கி மடமடவென்று குடித்துவிட்டு, முன்வாசலுக்குப் போய், "மச்சான், பையனுக்கு இங்கிலீஷ் போதும். சாவடிக்கு நான் வந்து பேசிக்கிறேன், நீ தேதி வை" என்றார்.

வீடே சிரித்தது. எனக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. வில்லியனூர் திருவிழாவில் தேரில் வந்தது நம் மாதாதான், இடுப்பில் நீலக் கச்சை கட்டியிருப்பதும் அவள்தான். ஆக, மாமா இத்தனை நாளும் மாதாவுக்காகவே இங்கிலீஷ் படித்திருக்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் தமிழில் சொன்னாலே எல்லாம் கேட்டுக்கொள்கிறவளுக்கு இவர் ஏன் போய் இவ்வளவு கஷ்டப்பட்டார் என்பதுதான் புரியவில்லை.