கடி வாங்குகிறவர்

கூயா அபுந்தியோவுக்கு நாய்களிடம் தோற்பதுதான் உத்தியோகம். எங்களுக்கெல்லாம் அவர் கூயா, அதாவது அண்ணன். சிலாங் ஊரில் எங்கள் காவல்நாய்ப் பண்ணையில் பயிற்சிக்கு அவர்தான் திருடன். பஞ்சு திணித்த கனத்த உடுப்பை மாட்டிக்கொண்டு ஓடுவார். நாய் பாய்ந்து கவ்வியதும் அலறி, தள்ளாடி, விழுந்து காட்டுவார். திருடன் தோற்றால்தான் நாய்க்குத் துணிச்சல் வரும். வெயில் ஏறுவதற்குள் மனிதர் பிழிந்து போட்ட துணியாகிவிடுவார்.

கடி வாங்குகிறவர் நாய்க்குச் சோறு போடக் கூடாது, தடவிக் கொடுக்கக் கூடாது. அதற்கு அவர் எதிரியாகவே இருக்க வேண்டும். எத்தனையோ நாய்கள் வந்து போயின. ஒன்றுகூட அவரைப் பார்த்து வாலாட்டியதில்லை.

லூயா என் பொறுப்பில் இருந்த பெண் நாய். இஞ்சி நிறம். மத்தியானம் கூயா சாப்பிட உட்கார்ந்தால் கம்பிக் கூண்டுக்கு உள்ளே அவரை ஒட்டி வந்து படுத்துக்கொள்ளும். ஒருநாள் தன் கருவாட்டில் ஒரு துண்டை அதற்குப் போட்டார். எனக்கு எரிச்சல் வந்தது.

"என்ன கூயா இது? நாளைக்கு இதுதானே உங்களக் கடிக்கணும்?"

"கடிக்கட்டுமே. அதுவரைக்கும் தின்னட்டும். எனக்கும் அலுத்துப்போச்சு நெனிட்டா. ஒரு ஜீவன் என்னப் பாத்து வாலாட்டுனா என்ன கொறஞ்சுபோச்சு?"

விளைவு சீக்கிரமே தெரிந்தது. உடுப்போடு வந்தால் லூயா விளையாட்டாகக் கவ்வியது. வெறும் சட்டையோடு வந்தால் கையை நக்கியது. முதலாளி பார்த்துவிட்டார்.

"வெள்ளிக்கிழமை இத வாங்கக் கிடங்குக்காரங்க வர்றாங்க. அவங்க முன்னால வெறும் சட்டையில நிக்கிற உன்ன இது கடிக்கணும் அபுந்தியோ. கடிக்கலன்னா நீ கெளம்பு. நாய் கொஞ்சுற திருடன வச்சு நான் என்ன பண்ண?"

கடி வாங்குவதைத் தவிர வேறு வேலை தெரியாத மனிதர். எங்கே கிளம்புவார்?

வெள்ளிக்கிழமை கிடங்குக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். சட்டைக் கைக்குள் தோல் உறையை மறைத்துக் கட்டிக்கொண்டு கூயா வந்தார். கத்தினார். கம்பை ஓங்கினார். லூயா வாலாட்டியது.

"என்னப்பா, மாமன் வந்த மாதிரில்ல வரவேற்குது," என்று ஒருவர் சிரித்தார்.

கூயா என்னைப் பார்த்தார். "மன்னிச்சுக்க," என்று முணுமுணுத்தபடி என் கன்னத்தில் பளாரென்று அறைந்தார். நடிப்பு அறை இல்லை. நிலைதடுமாறி விழுந்து, வலி தாங்காமல் அலறினேன்.

லூயா ஒரு கணம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு பாய்ந்தது. உறை கட்டிய கையை விட்டுவிட்டுத் தோளைக் கவ்வியது. கூயா விழுந்தார், வழக்கம்போலத் தோற்றுக் கொடுத்தார். நான் எழுந்து, கடியை விடச் சொன்ன பிறகும் லூயா உடனே விடவில்லை.

கிடங்குக்காரர்களுக்குப் பரம திருப்தி. திங்கட்கிழமை தங்கள் முதலாளி முன்னால் இன்னொரு முறை பார்த்துவிட்டு அழைத்துப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள்.

நான் கூயாவின் தோளுக்கு மருந்து போட்டேன். எழுந்து கம்பிக்கு அருகே போனார். லூயா பல்லைக் காட்டி உறுமியது. அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வாங்கிய அறைக்கு அல்ல.

"ரெண்டு நாள்ல மறந்துடும் கூயா."

"மறக்கக் கூடாது நெனிட்டா. திங்கக்கெழம மறுபடி வாலாட்டுச்சுன்னா என் வேல போச்சு."

சொல்லிவிட்டுக் கம்பை எடுத்தார். கடிபடாத கையால் அதை ஓங்கி, லூயாவின் கம்பிக் கதவில் ஓர் அடி அடித்தார்.