காரம் என்றுதான் எழுதினேன்

எங்கள் ஊறுகாயின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. போனில் அந்தப் பெயரைத் தேடினால், ஊறுகாய்க்கு முன்னால் என் அப்பாவின் இருமல்தான் வரும்.

கோலார் தங்க வயலில் நந்திதுர்க் பக்கம், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய ஒரு லைன் வீட்டில் அப்பாவும் நானும் இருக்கிறோம். அம்மா இறந்து ஆறேழு வருடமாகிறது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பதினாறு வருடம் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூர் போய், ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் பில் போட்டுவிட்டு, இருட்டியபின் வீடு திரும்பியவள் நான். கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது என் பெயரும் பட்டியலில் இருந்தது.

பூண்டு ஊறுகாய் எனக்கு நன்றாக வரும். ஆபீசில் நான் டிபன் பாக்ஸைத் திறந்தால் பக்கத்து மேஜைகளிலிருந்து ஸ்பூனோடு வருவார்கள். அதை நம்பித்தான் ஆரம்பித்தேன். ராபர்ட்சன்பேட்டையில் நாலு கடையில் பாட்டில் வைத்தேன். பெரிய கம்பெனிப் பாட்டில்களுக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து விற்றேன். தெரிந்தவர்கள் ஒருமுறை வாங்கினார்கள், என் முகத்துக்காக.

ரயிலில் கூட வந்த தோழி ஒருத்தி இருந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். பெங்களூரில், கடைகளையும் கம்பெனிகளையும் இன்ஸ்டாகிராமில் பிரபலமாக்கித் தருகிற ஆபீசில் வேலை. அவள்தான் எனக்கு ஒரு பக்கம் திறந்து கொடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பாட்டிலை வைத்துப் படம் எடுக்கவும், எந்த நேரத்தில் போடவேண்டும் என்றும் சொல்லித் தந்தாள். மூன்று மாதம் தினமும் போட்டேன். முப்பது நாற்பது பேர் பார்ப்பார்கள். அதில் பாதிப் பேர் எங்கள் சபைக்காரர்கள்.

ஒருநாள் போனில் சொன்னாள். "அக்கா, பாட்டில் போட்டோவ யாரும் பாக்கமாட்டாங்க. ஊறுகா எல்லாரும் விக்கிறாங்க. உங்ககிட்ட மட்டும் இன்னா இருக்குதோ அத்த காட்டணும். ஸ்டோரி வேணும் அக்கா. அப்பாவ வீடியோல உட்கார வைங்களேன். மைன்ல வேல செஞ்சவர்னா பெங்களூர்ல ஜனம் பாக்கும்."

அப்பா சுரங்கத்தில் டிரில் பிடித்தவர். இருபத்தெட்டு வருடம் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி, பாறையில் துளை போட்டுவிட்டு மேலே வந்தவர். சுரங்கம் மூடும்வரை அதுதான் வேலை. பழைய ஹெல்மெட் ஒன்றைப் பீரோமேல் வைத்திருந்தார். வீடியோ என்றதும் அதைத் துடைத்து எடுத்து வந்தார். ஷேவ் செய்துகொண்டார். வெள்ளைச் சட்டை போட்டார்.

"ஹெல்மெட் போட்டுகினு பூண்டு உரிக்கணுமா?" என்று கேட்டார்.

"ஆமாம்பா."

"சரி, உரிக்கிறேன். அதுல இன்னா கீது?"

சமையலறைக் கதவருகே ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். போனை அரிசி டின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, எண்ணெயைக் காயவைத்து மிளகாய்த் தூளைப் போட்டேன். அடுப்பு கொஞ்சம் அதிகமாக எரிந்துவிட்டது. நெடி குப்பென்று கிளம்பியது. அப்பாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

அந்த இருமலை எனக்குத் தெரியும். அடியிலிருந்து இழுத்துக்கொண்டு வரும். நடுவில் விசில் மாதிரி ஒரு சத்தம். முடியும்போது கதவு கிரீச்சிடுவது போல மூச்சு உள்ளே போகும். தினமும் காலையில் பல் தேய்க்கும்போது அது வரும். மிளகாய் வேண்டியதில்லை. நுரையீரலில் கல் தூசி படிந்து இறுகிவிட்டது, அதை எடுக்க வழி கிடையாது என்று பெங்களூரில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் பிடித்துக் காட்டியிருந்தார்.

அன்றைக்கு இருமி முடித்ததும் அப்பாவுக்கு வெட்கம். வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறதே என்று. கண்ணில் தண்ணீர் வழிய, ஹெல்மெட் ஒரு பக்கம் சாய, கேமராவைப் பார்த்துச் சிரித்து, அடைத்த குரலில், "நல்லா... கீது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். வெட்டி எடுத்துப் போட்டேன். கீழே ஒரு வரி எழுதினேன். 'கோலார் தங்க வயல் காரம். சுரங்கத்தில் இறங்கினவரே தாங்கவில்லை.'

இந்த வரியை எழுதியது நான்தான். தோழி சொல்லித் தரவில்லை.

இரண்டு நாள் கழித்து துணி துவைத்துக்கொண்டிருந்தபோது போன் நிற்காமல் அதிர ஆரம்பித்தது. எடுத்துப் பார்த்தால் எண்கள் என் கண்ணெதிரே ஏறின. யார் யாரோ எழுதியிருந்தார்கள். தாத்தா சூப்பர், தாத்தா பாவம், எனக்கு ரெண்டு பாட்டில். தோழி ஆபீசிலிருந்தே கத்தினாள். "அக்கா, வைரல்! தாத்தாவோட சவுண்ட எடுத்து எல்லாரும் ரீல் போடறாங்க!"

அப்பாவின் இருமலை மட்டும் தனியாக எடுத்து மற்றவர்கள் தங்கள் வீடியோவுக்கு வைத்துக்கொண்டார்கள். மிளகாய் பஜ்ஜி தின்கிறவர்கள் அதற்கு வாயசைத்தார்கள். ஒரு நாய் தும்மியது, அதற்கு அப்பாவின் இருமல். உதைத்தும் கிளம்பாத ஸ்கூட்டருக்கு அப்பாவின் இருமல், கடைசியில் "நல்லா கீது". ஸ்கூட்டர் வீடியோவைப் பார்த்து நானும் சிரித்தேன். அப்பாவுக்கும் காட்டினேன். "நம்ம சத்தம்தானா இது? டெல்லியிலகூட பாக்கறாங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பூண்டு மூட்டையாக வந்தது. பக்கத்து லைனிலிருந்து இரண்டு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். தோழி லேபிளை மாற்றச் சொன்னாள். ஹெல்மெட் போட்ட அப்பாவின் முகம் பாட்டிலில் ஏறியது. "இனிமே அவர்தான் பிராண்ட் அக்கா. அவரு இல்லாம ஒரு ரீலும் போடாதீங்க" என்றாள்.

போட்டேன். அப்பா பூண்டு உரிப்பது, அப்பா மூடி போடுவது, அப்பா கேஜில் இறங்கிய கதை. எதுவும் முதல் வீடியோ மாதிரி போகவில்லை. கீழே எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள். தாத்தா ஏன் இருமவில்லை?

நான் அவரை இருமச் சொல்லவில்லை. அது உண்மை. ஆனால் மிளகாய்த் தூளை எண்ணெயில் போடுகிற நேரம் பார்த்து ஸ்டூலைக் கதவருகே போட்டேன். போனை ஓடவிட்டேன். இப்படி ஐந்தாறு தடவை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு சனிக்கிழமை காலை அப்பாவை அழைத்துக்கொண்டு ராபர்ட்சன்பேட்டைக்குப் போனேன். அவருக்கு இன்ஹேலர் வாங்க வேண்டும், எனக்கு மூடிகள். வாங்கிக்கொண்டு மார்க்கெட் பக்கம் வந்தபோது மூன்று பேர் எதிரே வந்தார்கள். பெங்களூரிலிருந்து பழைய சுரங்கத்தைப் பார்க்க வந்தவர்கள் போலிருந்தது, கேமரா பை வைத்திருந்தார்கள். அதில் ஒருவன் அப்பாவைப் பார்த்ததும் நின்றான்.

"தாத்தா! நீங்கதானே? 'நல்லா கீது' தாத்தா?"

அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "ஆமாம்பா. வாங்க, வாங்க. இன்னா ஊரு?"

கூட நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஒருவன் கேட்டான். "தாத்தா, ப்ளீஸ், ஒரே ஒரு தபா இருமிக் காட்டுங்க."

"வேணாம்பா" என்றேன் நான்.

அப்பா என்னைப் பார்த்துக் கையமர்த்தினார். "பாவம்மா, அம்மாந் தூரத்துலேர்ந்து வந்து கீறாங்க." பிறகு தொண்டையைச் செருமி, பொய்யாக இரண்டு தடவை இருமினார். அந்தப் பொய் இருமல் உள்ளே எதையோ தொட்டுவிட்டது. நிஜமான இருமல் வந்தது. அவர்கள் சிரித்தார்கள். அப்பா கறிகாய் வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். உதடு நீலமானது. அவர்கள் இன்னும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "செம்ம தாத்தா, செம்ம" என்று ஒருவன் சொல்வது காதில் விழுந்தது. சுற்றி நின்றவர்களும் அது நடிப்பென்றுதான் நினைத்தார்கள். கன்னடத்தில் ஒரு பெண், "எவ்வளவு நன்றாகச் செய்கிறார்" என்றாள்.

நான் பையில் இன்ஹேலரைத் தேடினேன். புது டப்பா, பிளாஸ்டிக் உறை கிழியவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தேன். அதற்குள் கறிகாய்க்காரர்தான் வண்டியை விட்டு வந்து அப்பாவை உட்கார வைத்து, "ஏ, நிறுத்துங்கய்யா, ஆளு மூச்சு விட முடியாம கீறாரு" என்று சத்தம் போட்டார். அந்த மூன்று பேரும் பயந்துபோனார்கள். சாரி ஆன்ட்டி, சாரி ஆன்ட்டி என்றார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை. நான் எழுதியதை நம்பியவர்கள்.

ஆட்டோவில் திரும்பினோம். வீடு வரும் சமயம், "கடைசில 'நல்லா கீது' சொல்ல முடியாம பூட்டுதும்மா" என்றார்.

அன்று மத்தியானமே முதல் வீடியோவை அழித்தேன். என் பக்கத்திலிருந்து போயிற்று. மற்ற எல்லா இடத்திலும் இருந்தது. யார் யாரோ சேமித்து, வேறு பெயரில் போட்டிருந்தார்கள். புகார் செய்யப் போனேன். என்ன காரணம் என்று கேட்டு ஒரு பட்டியல் வந்தது. வன்முறை, வெறுப்பு, ஆபாசம், மோசடி. எதைத் தொடுவது என்று தெரியவில்லை. ஏதோ ஒன்றைத் தொட்டேன். இந்தப் பதிவு எங்கள் விதிகளை மீறவில்லை என்று பதில் வந்தது. மறுபடி இன்னொன்றைத் தொட்டேன். அதே பதில். ஒரு மனிதரிடம் பேச எண் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

பிறகு நானே கேமராவைப் பார்த்து உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். இது காரம் இல்லை, அப்பாவின் நுரையீரலில் சுரங்கத்துத் தூசி இருக்கிறது, தயவுசெய்து அந்தச் சத்தத்தைப் பயன்படுத்தாதீர்கள். போடுவதற்கு முன் தோழிக்கு அனுப்பினேன். அவள் நெடுநேரம் கழித்துக் கூப்பிட்டாள். "போடுங்க அக்கா. ஆனா போவாது. இந்த மாதிரி வீடியோவ இன்ஸ்டாகிராம் நாலு பேருக்குத் தள்ளிவுடாது." அவள் அழுதுகொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். "நான்தான் அப்பாவ உட்கார வைங்கன்னு சொன்னேன்" என்றாள்.

அவள் சொன்னபடிதான் ஆயிற்று. பழைய முப்பது நாற்பது பேரைவிடக் கொஞ்சம் அதிகம் பேர் பார்த்தார்கள். சிலர் ஆறுதல் எழுதினார்கள். சிலர், அனுதாபத்துக்காக அப்பாவை விற்கிறாள் என்றார்கள். ஒருவர், நோயாளி உட்கார்ந்த சமையலறையில் செய்ததையா சாப்பிட்டோம் என்று கேட்டிருந்தார். யாருக்கும் பதில் எழுதவில்லை. அவர்கள் சொன்னதில் எது பொய் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

லேபிளிலிருந்து அப்பாவின் முகத்தை எடுத்தேன். ஆர்டர் குறைந்தது, நிற்கவில்லை. நிறுத்திவிடலாம் என்று பல தடவை யோசித்தேன். ஆனால் இப்போது கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஒன்று வாடகைக்கு ஓடுகிறது. அந்த இரண்டு பெண்களும் காலையில் வந்து நிற்கிறார்கள். மிளகாய் வறுப்பதை மட்டும் அடுத்த லைனில் காலியாக இருக்கும் ஒரு வீட்டுக்கு மாற்றிவிட்டேன். வறுத்து முடித்து, சேலையை மாற்றிக்கொண்டுதான் அப்பாவிடம் வருகிறேன்.

போன மாதம் ஒரு செய்தி வந்தது. கன்னடத்தில், எழுத்துப் பிழைகளோடு. கல் உடைக்கிற இடத்தில் வேலை செய்தவரின் மனைவி என்று எழுதியிருந்தாள். யாரோ சிரித்துக்கொண்டே போனில் அந்தச் சத்தத்தை ஓடவிட்டார்களாம். உள்ளே படுத்திருக்கும் தன் கணவர்தான் இருமுகிறார் என்று எழுந்து ஓடினாளாம். அவர் தூங்கிக்கொண்டிருந்தாராம். 'இது காரத்தால் வருகிற இருமல் இல்லையே அக்கா. உங்கள் அப்பாவுக்கு என்ன மருந்து கொடுக்கிறீர்கள்?'

இத்தனை பேர் கேட்டதில், சரியாகக் கேட்டவள் அவள் ஒருத்திதான். பதில் எழுதினேன், அழித்தேன். மருந்து இல்லை என்று எப்படி எழுதுவது?

அப்பா கட்டிலிலிருந்து கேட்டார். "யாரும்மா?"

படித்துக் காட்டினேன். மூக்கில் இருந்த குழாயைச் சரிசெய்துகொண்டார்.

"நேரா படுக்க வெக்காதன்னு எழுது" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "ரெண்டு தலகாணி போட்டு சாச்சி உட்கார வெக்கச் சொல்லு. காலைல தண்ணி சுடவெச்சி குடுக்கச் சொல்லு. அடுப்பு புகைல உடாதன்னு சொல்லு."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசி வரியை எழுதும்போது விரல் நின்றது. அதையும் எழுதி அனுப்பினேன். அவள் உடனே பார்த்துவிட்டாள். சரி அக்கா என்று மட்டும் பதில் வந்தது.