புளியமரத்துக் கலயம்

அஞ்சம்மாளுக்குப் பொய் சொல்ல வராது. பால்காரனிடம்கூட மாட்டிக்கொள்வாள். அப்படிப்பட்டவள் பதினோரு மாதம் ஒரு பொய்யைக் கட்டிக் காத்தாள் என்றால் யார் நம்புவார்கள்?

மகன் ஹேமநாத் ராணுவ டாக்டர். ஐ.நா. அமைதிப்படையோடு ஆப்பிரிக்காவுக்குப் போன இடத்தில், ஐப்பசியில், கலகக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். விஷயம் வெளியே கசிந்தால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். கும்மிடிப்பூண்டியை ஒட்டிய அந்த ஊரில் ஒரு வாய்க்குத் தெரிந்தால் போதும், சிப்காட் கம்பெனி பஸ் ஏறி ஏழூருக்கும் போய்விடும். அவளும் புருஷன் பச்சையப்பனும் வாயே திறக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் பச்சையப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் விழுந்தவர்தான், எழவில்லை.

கொள்ளி வைத்தது அவர் தம்பி மாரியப்பன். "பெத்த அப்பன் செத்ததுக்கு லீவு போட்டுக்கினு வராதவன் இன்னா புள்ள? தூ!" என்று சுடுகாட்டிலேயே கத்தினார். ஊரும் ஆமாம் போட்டது. அஞ்சம்மாள் அழுதாள். அந்த அழுகையில் பாதி மகனுக்கு என்று யாருக்குத் தெரியும்?

எலும்பை மட்டும் கடலில் கரைக்க விடவில்லை. "அத்த எம்புள்ள வந்து கரைப்பான்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். எலும்பை வீட்டுக்குள் வைக்கக் கூடாது. அதனால் ஊர் வழக்கப்படி எலும்பைக் கலயத்தில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, பம்புசெட்டுப் பக்கத்துப் புளியமரத்தில் தொங்கவிட்டாள்.

புரட்டாசியில் ஹேமநாத்தை விட்டார்கள். டெல்லி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தபோதெல்லாம் அப்பாவைக் கேட்டான். "கயினிக்குத் தண்ணி பாய்ச்சப் போய்க்கிறாருப்பா" என்றாள். நேரில் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று அதிகாரிகளிடமும் கெஞ்சியிருந்தாள். வந்ததும் முதலில் சோறு, அப்புறம் தூக்கம், அப்புறம்தான் சேதி. இவ்வளவும் யோசித்தவள் ஒன்றைக் கோட்டைவிட்டாள். அவன் வரும் கார் அந்தப் புளியமரத்தைத் தாண்டித்தான் வீட்டுக்கு வரவேண்டும்.

கார் மரத்தடியில் நின்றதைப் பார்த்து ஓடினாள். ஹேமநாத் பாதி உடம்பாக இளைத்துப்போய் இறங்கி நின்றான்.

"நம்ம மரத்துல தொங்கற கலயம் யாருதும்மா?"

அவன் அவளுடைய வெறும் கழுத்தைப் பார்த்தான்.

"எப்போ?"

"நீ அவனுங்க கைல மாட்டிக்கினியே, அதே மாசம்."

திட்டித் தீர்ப்பதற்கென்றே வந்து நின்ற மாரியப்பன், "யாரு கைல அண்ணி?" என்றார். நடுரோட்டிலேயே எல்லாவற்றையும் கொட்டினாள்.

"சோறு ஆறிப்போவுது, உள்ள வாப்பா" என்று மகன் கையைப் பிடித்தாள்.

"அவரும் பதினோரு மாசமா ஊட்டுக்குள்ள வர்லியேம்மா. மொதல்ல பழவேற்காட்டுக் கடலுக்குப் போயி அவர அனுப்பிட்டு வந்துடறேன்."

மாரியப்பன் கயிற்றை அவிழ்த்து, கலயத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, யாரும் கூப்பிடாமலேயே காரில் ஏறிக்கொண்டார். அஞ்சம்மாள் ஊர் கேட்க அழுதாள். யாருக்காக என்று இந்தத் தடவை மறைக்க வேண்டியிருக்கவில்லை.