சீல் உடைந்த பெட்டி

கணினியைப் பாகம் பாகமாக வாங்கி வந்து நானே பொருத்திப் பூட்டுகிறேன் என்றேன். அப்பா கேட்கவில்லை. "கம்பனிக்காரன் பூட்டி, சீல் வச்சுத் தாறான். நீ என்னத்தைப் பூட்டப்போறாய்?" துறைமுகக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சீல் இருந்தால் எதையும் நம்புவார், நான் கொழும்பில் கணினி படித்து வாங்கிய சான்றிதழைத் தவிர. அதிலும் சீல் இருந்தது.

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு முன்னறையில் பெண் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு நடத்த எனக்கு ஆசை. பள்ளி விடுமுறை முடிவதற்குள் தொடங்காவிட்டால் கொழும்பில் மாமி வீட்டுக்குப் போய், அவர் பார்த்து வைத்திருக்கும் கந்தோர் வேலையில் சேர வேண்டும். இது அப்பாவின் நிபந்தனை. மாமி நல்லவர்தான். ஆனால் அங்கே தங்கிப் படித்த காலத்தில் நான் தும்மியதைக்கூட அப்பாவுக்கு அறிவித்தவர்.

ஆகவே வாயை மூடிக்கொண்டு கொழும்பில் புத்தம்புதுப் பெட்டியே வாங்கினோம். பின்புறத்தில் வெள்ளி நிற ஸ்டிக்கர். கிழித்தால் உத்தரவாதம் போச்சு. பஸ்ஸில் அப்பா அதை மடியில் வைத்திருந்தார். என் மடியில் மொனிட்டர்.

யுத்த காலத்தில் திருகோணமலைக்குள் எந்தப் பெட்டியும் திறக்கப்படாமல் வந்ததில்லை. அப்பாவுக்கும் அது தெரியும். ஸ்டிக்கருக்கு ஆமிக்காரன் மரியாதை கொடுப்பான் என்று எப்படித்தான் நினைத்தாரோ! சோதனைச்சாவடியில் தன் கந்தோர்ச் சிங்களத்தில் உத்தரவாத விதிகளை விளக்கினார். சிப்பாய் பொறுமையாகக் கேட்டான். பிறகு கத்தி நுனியால் ஸ்டிக்கரைக் கீறினான். கழன்ற ஸ்குறூக்களை முகம் துடைக்கும் லேஞ்சியில் ஏந்திக்கொண்டு அப்பா நின்ற நிலையைப் பார்க்க எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிப்பாய் உள்ளே கைவிட்டு ஒரு அட்டையை அசைத்தான். சிரிப்பு போய்விட்டது.

"அதைத் தொடாதீங்கோ!"

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவனுக்குத் தமிழ் விளங்கியதோ, குரல் விளங்கியதோ, கையை எடுத்துவிட்டான். அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது.

வீட்டுக்கு வந்து மின்சார ஆளியைப் போட்டால் திரை இருட்டு; பெட்டி விடாமல் கீச்சிட்டது. கம்பனியோடு கதைக்க அப்பா தொலைபேசிக் கடைக்கு ஓடினார். திரும்பி வந்து கதிரையில் தொப்பென்று இருந்தார்.

"சீல் உடைஞ்சால் தங்களால ஒண்டும் செய்ய ஏலாதாம்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "இனி உடையிறதுக்கு என்ன கிடக்கு? நான் திறக்கப்போறன்."

அப்பா டோர்ச்சைப் பிடித்தார். சிப்பாய் அசைத்தது நினைவக அட்டையை. அது ஒரு பக்கம் கிளம்பி நின்றது. கழற்றித் துடைத்து, இரண்டு பெருவிரல்களாலும் அழுத்தினேன். திரை வெளிச்சமானது. அப்பா கை தட்டியதில் டோர்ச் என் காலில் விழுந்தது. வலி தெரியவில்லை.

விடுமுறை முடிவதற்குள் பக்கத்துச் சல்லிக் கிராமத்திலிருந்தும் பிள்ளைகள் சைக்கிளில் வந்தார்கள். நான் எதிர்பாராதது வேறு. அதே சாவடியில் சீல் உடைபட்டு, எந்தக் கம்பனியும் ஏற்காத பெட்டிகள் ஊரில் எத்தனையோ கிடந்தன. கிண்ணியா வியாபாரி ஒருவர் தன்னுடையதை முச்சக்கர வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். பிறகு பள்ளிக்கூடத்துப் பெட்டி வந்தது. சாப்பாட்டு மேசை நிறைந்துவிட்டதால் நாங்கள் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டோம்.

ஒருநாள் அப்பா என்னையும் தொலைபேசிக் கடைக்குக் கூட்டிப்போனார்.

"அக்கா, அவ வரமாட்டா," என்றார் மாமியிடம். "ஓம், இஞ்ச அவவுக்கு வேலை இருக்கு."

மாமி என்ன வேலை என்று கேட்டிருக்க வேண்டும். அப்பா கடைக்காரருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்:

"கொம்பியூட்டர் பூட்டுற வேலை!"