அண்ணா சொன்ன கச்சேரி

திங்கட்கிழமை பின்னேரம் என் வீட்டில் பிளேன்ரீ குடித்துவிட்டு, "நாளைக்குக் காலமை பாண் வாங்கப் போறன், உனக்கும் ஒண்டு எடுக்கட்டோ?" என்று கேட்டுப் படியிறங்கிப் போனார் எங்கள் அண்ணா. மறுநாள் எட்டு மணிக்கு அண்ணி தொலைபேசியில் அழைத்தபோது, பாண் விஷயமாகத்தான் இருக்கும் என்று நினைத்து, "எனக்கு வேண்டாம் எண்டு சொல்லுங்கோ" என்றேன். அண்ணிக்குப் பக்கத்தில் யாரோ சிங்களத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வது மட்டும் கேட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பேக்கரி வாசலில் நின்றவர் அப்படியே சரிந்துவிட்டாராம். அவருக்கு வயது எழுபத்திரண்டு. ஒரு நாள் காய்ச்சலென்று படுத்தவரல்ல.

இன்று முப்பத்தோராம் நாள். இந்த நினைவு மலரில் அண்ணாவைப் பற்றி எழுதும் பொறுப்பை அண்ணி என்னிடம் தந்தபோது, அவரை என்னைவிட யாருக்குத் தெரியும் என்ற எண்ணத்தோடு வாங்கிக்கொண்டேன். இப்போது அந்த எண்ணம் என்னிடம் இல்லை. ஏன் என்பதை உறவினரும் நண்பர்களுமாகிய உங்களிடம் சொல்வதற்கே இதை எழுதுகிறேன்.

அண்ணா உரும்பிராயில் எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பாவுக்குக் கொழும்பில் அரசாங்க வேலை கிடைத்தபோது அவருக்கு ஆறு வயது. வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், ரயில் போகும் நேரமெல்லாம் யன்னல் அதிரும் வாடகை வீட்டில் நாங்கள் வளர்ந்தோம். அண்ணாவுக்கும் எனக்கும் இடையில் பன்னிரண்டு வருட வித்தியாசம். அப்பா வேலை மாற்றலாகி எப்போதும் ஏதாவது தூர ஊரில் இருப்பார். ஆகவே என்னைப் பாடசாலையில் சேர்த்ததும், கணக்குச் சொல்லித் தந்ததும், முதல் தடவை கடலில் கால் நனைக்க வைத்ததும் அண்ணாதான்.

படிப்பு முடிந்ததும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, நாற்பது வருடம் அங்கேயே இருந்தார். சாட்சி சொல்ல வருகிறவர்களை எதிரே இருத்தி, அவர்கள் சொல்வதை எழுதி எடுப்பது அவருடைய வேலை. "கண்ணால கண்டதைச் சொல்லுங்கோ. ஆரோ சொல்லிக் கேட்டதை இதுக்குள்ள கலக்காதையுங்கோ" என்று அவர்களுக்குச் சொல்வார். வீட்டிலும் அதே கண்டிப்பு. நான் பள்ளிக்கூடத்து வம்பு எதையாவது கொண்டுவந்தால், "நீ கண்டனியோ?" என்பதுதான் முதற் கேள்வி.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் எங்கள் வீடு எரிந்தது. அகதி முகாமில் தங்கி, பிறகு கப்பலில் வடக்கே போனோம். நான்கு மாதத்தில் அண்ணா தனியாகக் கொழும்புக்குத் திரும்பி, அதே கந்தோரில் அதே மேசையில் போய் இருந்தார். இரண்டு வருடத்தில் எங்களையும் கூப்பிட்டுக்கொண்டார். எரிந்தவற்றைப் பற்றி அவர் பேசியதில்லை. அவற்றுள் முப்பத்தெட்டு இசைத்தட்டுகளும் இருந்தன.

அண்ணாவின் பாட்டுப் பைத்தியம் உங்களில் பலருக்குத் தெரியும். அவருடைய இளமைக் காலத்தில் இங்கிலாந்தில் ஒருவகை ரொக் இசை புறப்பட்டிருந்தது. ஒரு பாட்டு இருபது நிமிடம் ஓடும். தாளம் நடுவில் ஐந்தாகும், ஏழாகும். ஓர்கனும் புல்லாங்குழலும் கிற்றாரோடு வாதாடும். எனக்கு அது ஒருபோதும் பிடிபடவில்லை. அந்த நாட்களில் வெளிநாட்டுச் சாமான் எதுவும் இலேசில் வராது. கொட்டாஞ்சேனையில் இருந்த அவருடைய நண்பர் ஸ்டீபன் அண்ணாவின் தகப்பனார் துறைமுகத்தில் வேலை செய்தார். அவர் மூலம் மாலுமிகளிடமிருந்து இசைத்தட்டுகள் வந்தன.

அந்த இசையை மேடையில் வாசிக்க ஆசைப்பட்டுக் கொழும்பிலேயே ஐந்து இளைஞர்கள் ஒரு குழு அமைத்தார்கள். எழுபதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை மாலை, ஒரு பாடசாலை மண்டபத்தில் இரண்டு மணிநேரக் கச்சேரி வைத்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக வெளிநாடு போய்விட்டார்கள். அவர்கள் முழுதாக வாசித்த கச்சேரி அது ஒன்றுதான்.

அந்த ஒரு மாலையை ஐம்பது வருடம் உயிரோடு வைத்திருந்தவர் எங்கள் அண்ணா. வத்தளையில் நிஹால் அண்ணா என்ற நண்பரின் வீட்டில், மாதத்தின் கடைசி ஞாயிறு பின்னேரம் ஆறு ஏழு பேர் கூடுவார்கள். எல்லோரும் அந்தக் கச்சேரிக்குப் போனவர்கள், எல்லோரும் இப்போது பேரப்பிள்ளைகள் கண்டவர்கள். பழைய பாட்டுகளைப் போடுவார்கள். ஆனால் கதை எப்போதும் அந்தச் சனிக்கிழமைக்கே திரும்பும். எந்தப் பாட்டு முதலில், யார் எந்தப் பக்கம் நின்றார், கரண்ட் போனபோது ட்ரம்ஸ் வாசித்தவர் இருட்டுக்குள் எவ்வளவு நேரம் தனியாக வாசித்தார். தர்க்கம் வந்தால் அண்ணாவைத்தான் கேட்பார்கள். அவர் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை.

இந்த வருடம் ஓர் அதிசயம் நடந்தது. அந்த ட்ரம்ஸ் வாசித்தவர் அவுஸ்திரேலியாவில் காலமானபின், அவருடைய மகள் வீட்டை ஒதுக்கும்போது ஒரு பழைய ஒலிநாடாவைக் கண்டெடுத்தார். அந்தக் கச்சேரியேதான். அவர் அதைக் கணினியில் ஏற்றி நிஹால் அண்ணாவுக்கு அனுப்பிவைத்தார். கடைசி ஞாயிறு எல்லோரும் கூடிக் கேட்டார்கள். அண்ணா திரும்பி வந்து அண்ணியோடு அதிகம் பேசவில்லையாம். மறுநாள் என்னிடம் பிளேன்ரீ குடிக்க வந்தபோது, "எப்பிடி இருந்தது?" என்று கேட்டேன். "நல்லா வாசிச்சிருக்கிறாங்கள்" என்றார். "வாசிச்சாங்கள்" என்று அவர் சொல்லவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அடுத்த நாள் அண்ணா இல்லை.

எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவன்று ஸ்டீபன் அண்ணா கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்தார். சாப்பிட்டபின் அவரை முன் விறாந்தையில் இருத்தி, இந்த மலருக்காக அந்தக் கச்சேரியைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டேன்.

"அண்ணாவும் நீங்களும் சேந்துதானே போனனீங்கள். அதை நீங்கள் எழுதினால்தான் நல்லம்."

அவர் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்துவிட்டு, "என்னால ஏலாது, தங்கச்சி" என்றார்.

"ஏன்?"

"உங்கட அண்ணா அண்டைக்கு வரேல்லை."

நான் விளங்காமல் அவரைப் பார்த்தேன். வயது போனதில் ஞாபகம் குழம்பிவிட்டது என்றே எடுத்துக்கொண்டேன்.

"எனக்கு ரிக்கெற் கிடைக்கேல்லை. அவரிட்டத்தான் ஒண்டு இருந்தது" என்று அவர் தொடர்ந்தார். "பின்னேரம் அஞ்சு மணி இருக்கும். நான் சும்மா மண்டப வாசல்ல நிண்டு பாப்பம் எண்டு வெளிக்கிடுறன், உங்கட ஒழுங்கையில இருந்து ஒரு பெடியன் சைக்கிள்ள வந்து ரிக்கெற்றைத் தந்தான். 'தங்கச்சிக்கு முட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறன், நீ போய்ப் பார்' எண்டு ஒரு துண்டும் எழுதி விட்டிருந்தவர்."

சிறுவயதில் எனக்கு முட்டு வருத்தம் இருந்தது. மூச்சு எடுக்க முடியாமல் நீலம் பாரித்துப்போன நாள் ஒன்று உண்டு. அப்பா அப்போது மட்டக்களப்பில். அண்ணா என்னைத் தூக்கிக்கொண்டு காலி வீதிக்கு ஓடியதும், அவருடைய புதுச் சேட்டில் நான் சத்தியெடுத்ததும், அகன்ற கொலர் வைத்த ஊதாச் சேட் அது என்பதும் எனக்கு நன்றாக ஞாபகம். ஆஸ்பத்திரிக்குப் போக ஏன் புதுச் சேட் போட்டிருந்தார் என்று ஐம்பது வருடமாக நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"பிறகு அவருக்கு எல்லாம் எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"நான் சொன்னன். அடுத்த நாள் வார்டுக்கு வெளியில வாங்கில இருந்து முழுக்கச் சொல்லுவிச்சார். கந்தோரில சாட்சிக்காரரை விசாரிக்கிற மாதிரி. எந்தக் கையால வாசிச்சவன், எப்ப லைட் வந்தது, சனம் என்ன செய்தது. நான் கவனிக்காததை மற்றவங்களிட்டைக் கேட்டார். மண்டபத்து வோச்சரிட்டையும் போய்க் கேட்டவர். ஒரு மாதத்துக்குள்ள எங்கள் எல்லாரையும்விட அவருக்குத்தான் கூடத் தெரியும். நிஹால் ஒருநாள் 'நீ எந்த வரிசையில இருந்தனி?' எண்டு கேட்டான். உங்கட அண்ணா சிரிச்சார், மறுமொழி சொல்லேல்லை. அதோட அப்பிடியே போயிட்டுது."

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்லவோ எண்டு கேட்டன். 'சொன்னால் தங்கச்சியின்ர காதுக்குப் போகும். தன்னாலதான் எண்டு நினைப்பாள். விடு' எண்டவர்."

எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். நீ கண்டனியோ என்று என்னை மறித்த மனிதர், காணாத ஒன்றை ஐம்பது வருடம் கண்டதுபோல் நடந்திருக்கிறார். அண்ணியிடம் சொன்னேன். "கலியாணம் பேசி வந்த நாளில என்னோட கதைச்ச முதல் கதையே அதுதான்" என்றார். கனடாவிலிருந்து வந்திருந்த அண்ணாவின் மகன், என் மருமகன், "மலரில இதைப் போடாதையுங்கோ மாமி. அப்பாவைப் பொய்க்காரன் எண்டு நினைப்பினம்" என்று தடுத்தான். அந்த நண்பர்களுக்குத் தெரியாமல் இதை அச்சிடுவதும் சரியில்லை என்று எனக்குப் பட்டது. ஆகவே நான், மருமகன், ஸ்டீபன் அண்ணா மூவரும் வத்தளைக்குப் போனோம்.

நிஹால் அண்ணா சிங்களவர், கொட்டாஞ்சேனையில் வளர்ந்ததால் தமிழ் நன்றாகக் கதைப்பார். ஸ்டீபன் அண்ணா சொல்லி முடிக்கும்வரை அசையாமல் கேட்டார்.

"அப்ப அந்த ஞாயிறு..." என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு சொன்னார்: "நாங்க எல்லாம் ஒரே சத்தம். இப்ப இது வரும், இப்ப அது வரும் எண்டு. உங்க அண்ணா கையைக் காட்டி, 'கொஞ்சம் பேசாம இருங்கோ' எண்டு சொன்னார். ஒருநாளும் அப்படிச் சொன்ன ஆள் இல்லை. கண்ணால தண்ணி ஓடுது. பழைய ஞாபகம் எண்டு நான் நினைச்சேன்."

அந்த அறையில் ஆறு பேர் நினைவுகூர்ந்துகொண்டிருக்க, அண்ணா ஒருவர் மட்டும் அதை முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஒரு குறைதான்" என்றார் நிஹால் அண்ணா. "கடைசிப் புல்லாங்குழல் டேப்பில இல்லை. வெட்டுப்பட்டுப் போச்சு."

எல்லாப் பாட்டும் முடிந்து கைதட்டல் எழுந்தபின், புல்லாங்குழல் வாசித்தவர் மட்டும் தனியாக மேடைக்குத் திரும்பி வந்து ஒரு சிறு துண்டை வாசித்ததாக அண்ணா சொல்வதுண்டு. அவர்கள் எல்லோருக்கும் மிகப் பிடித்த இடம் அதுவே.

ஸ்டீபன் அண்ணா தயங்கினார். "மச்சான், அதை நான் அவருக்குச் சொல்லேல்லை. அவர் சொல்லித்தான் நானே கேள்விப்பட்டனான். கைதட்டின சத்தத்தில எனக்குக் கேக்கேல்லையாக்கும் எண்டு இருந்திட்டன்."

நிஹால் அண்ணா கணினியைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை கைதட்டல் நீண்டுகொண்டே போக, டேப்பில் இனி ஒன்றும் இல்லை என்று நினைத்து நிறுத்திவிட்டார்களாம். இம்முறை ஓடவிட்டார். கைதட்டல் நீண்டு, தேய்ந்து, ஓய்ந்தது. கதிரைகள் இழுபட்டன. யாரோ இருமினார். வான் வண்டியைப் பின்பக்கம் கொண்டுவரச் சொல்லி ஒருவர் சிங்களத்தில் கத்தினார். வயர்கள் சுருட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒலிநாடா தானாக முடிந்தது. புல்லாங்குழல் வரவில்லை.

"எனக்குக் கேட்டது தானே" என்றார் நிஹால் அண்ணா, எங்களைப் பார்க்காமல். "நான் அங்க இருந்தேன். எனக்கு இப்பவும் கேக்குது."

அந்தத் துண்டை அண்ணா எங்கிருந்து எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எழுதவும் நான் விரும்பவில்லை. திரும்பி வரும் வழியில், களனிப் பாலத்தில் வாகனங்கள் நெரிந்து நின்றபோது மருமகன் மெல்லச் சொன்னான்: "போடுங்கோ மாமி. எல்லாத்தையும் போடுங்கோ."

பேக்கரி வாசலில் விழுந்த அண்ணாவைப் பெயர்கூடக் கேளாமல் தூக்கி ஏற்றி, முன்விளக்கை எரியவிட்டு வீதியின் எதிர்ப்புறத்தால் ஓட்டிச் சென்ற முச்சக்கர வண்டிக்காரச் சகோதரருக்கும், முயன்று பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், உடலை வைத்திருந்த மலர்ச்சாலையிலும் வீட்டிலும் எங்களோடு நின்ற ஒழுங்கையாருக்கும், கிரியைகளைச் செய்வித்த ஐயா அவர்களுக்கும், தூரதேசங்களிலிருந்து வந்தவர்களுக்கும், வர முடியாமல் அழுதவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது. ஐம்பது வருடம் வாய் திறக்காமலிருந்து, உரிய நாளில் திறந்த ஸ்டீபன் அண்ணாவுக்கும், கேட்டபின்னும் எங்களுக்குச் சோறு போட்டு அனுப்பிய நிஹால் அண்ணாவுக்கும் தனியாகச் சொல்கிறேன்.

இத்தகைய கட்டுரைகள் உதவியவர்களுக்கு நன்றி கூறி முடிவது வழக்கம். எனக்கு ஒருவர் மிச்சமிருக்கிறார். ஒன்பது வயதில் எனக்கு மூச்சுத் திரும்பிய அந்த மாலைக்கு ஒருநாளும் நான் அவரிடம் நன்றி சொன்னதில்லை. சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறதென்பதே எனக்குத் தெரியவராமல் அவர் பார்த்துக்கொண்டார். அண்ணா, எனக்குத் தெரிந்துவிட்டது.