வைக்கோல் கிடந்த பஸ் பாதை

அப்பா ஒரு மாதம் பேசாமல் இருந்தும் என் தங்கை ஆர்த்திகா கனரக வண்டி லைசென்ஸ் வாங்கினாள். டிரைவர் தேர்வில் ஒரே பெண்ணாக நின்று ஜெயித்தாள். நாகர்கோவில் புறநகருக்குப் பஸ்ஸுக்கென்றே போட்ட தனிப் பாதையில் முதல் வண்டியும் அவளுக்கே கிடைத்தது.

அந்தப் பாதையில் வேறு வண்டி வராது. அதனால் கும்பப்பூ என்னும் இரண்டாம் போக நெல் அறுப்பு முடிந்ததும் ஊர்க்காரர்கள் அதில் வைக்கோலைக் காயப்போட்டார்கள். வெள்ளோட்டத்தன்று பனியில் நனைந்த வைக்கோலில் சக்கரம் வழுக்கியது. நிறுத்தத்தில் நின்றவர்களுக்கு ஒரு முழம் முன்னால்தான் பஸ் நின்றது.

அன்றே ஆர்த்திகா, அங்கே வைக்கோல் போட்டிருந்த கிருஷ்ணமணி மாமாவிடம் போனாள்.

"மாமா, நாளைக்கு ஆளுக ஏறின வண்டி வரும். வைக்கோல வாரிருங்க."

"ஏட்டி, நீ ஏத்தி ஓட்டு. மிச்ச நெல்லு உதிரும், சூடடிக்கிற கூலி எனக்கு லாபம்" என்று மாமா சிரித்தார்.

மறுநாள் விடிந்ததும் நானும் ஆர்த்திகாவும் போய்ப் பார்த்தோம். வைக்கோல் கால்வாய்த் திருப்பம்வரை ஈரமாக விரிந்து கிடந்தது. திருப்பத்தை அடுத்த நிறுத்தத்தில் பள்ளிப் பிள்ளைகள் கூடத் தொடங்கியிருந்தார்கள்.

டெப்போவில் கண்ட்ரோலர் டியூட்டி ஷீட்டை நீட்டினார். ஆர்த்திகா வைக்கோலைச் சொல்லி வண்டி எடுக்க மறுத்தாள்.

"முத நாளே எடுக்கலன்னா வேலை இருக்காது, பாத்துக்கோ. வேற டிரைவரக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க சார். இத வாசிச்சிட்டு எடுக்கட்டும்."

'பாதையில் ஈர வைக்கோல். வாரும்வரை வண்டி எடுக்க மாட்டேன்' என்று அந்த ஷீட்டில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.

டிரைவராக அவள் முதன்முதலில் தன் பெயரை எழுதிய நாள், 2025 பிப்ரவரி 27.